இணைப்பு: ஒரிஜினல்

கூட்டம் வேண்டுமா, செல்வகுமாரைக் கூப்பிடு. பாண்டிச்சேரிக்கு ஷூட்டிங் வருகிற எந்தக் கம்பெனிக்கும் இதுதான் வழக்கம். கல்யாணக் கூட்டம், கலவரக் கூட்டம், சாவுக் கூட்டம், எதுவானாலும் முந்தின நாள் சாயங்காலம் சொன்னால் போதும். காலை ஆறு மணிக்கு வேனில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிடுவேன். இருபது வருஷமாக இதே பிழைப்பு. கார் பறப்பதைப் பார்த்திருக்கிறேன், மூன்று மாடிக் கட்டடம் சரிவதைப் பார்த்திருக்கிறேன், குண்டடிபட்டுச் செத்த வில்லன் எழுந்து வந்து இஞ்சி டீ கேட்பதையும் பார்த்திருக்கிறேன். எதற்கும் வாய் பிளக்கிற ஆள் நான் இல்லை என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது.

அந்தப் படம் பெரிய படம். அரசாங்கத்துக்குள்ளேயே ஒரு ரகசியக் கும்பல். கடலோரத்தில் ஒரு குப்பத்தை அவர்கள் பதிவேட்டிலிருந்து மொத்தமாக அழித்துவிடுகிறார்கள். ரேஷன் அட்டை, பட்டா, வாக்காளர் பட்டியல், எதிலும் ஒரு பெயர்கூட மிஞ்சாது. ஆட்கள் உயிரோடு இருப்பார்கள், காகிதத்தில் இருக்க மாட்டார்கள். அதைக் கண்டுபிடிக்கிற ரெக்கார்டு ரூம் குமாஸ்தாதான் ஹீரோ. கண்டுபிடித்த பிறகு அவன் குமாஸ்தாவாக இருக்க மாட்டான், ஜீப்போடு சுவரை உடைத்துக்கொண்டு வருவான். அது மறுநாள் எடுக்க வேண்டிய காட்சி.

மூடிக்கிடக்கிற ஒரு மில்லின் ஷெட்டுக்குள் அரசு அலுவலகத்தை செட் போட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் என்னையறியாமல் குரலைத் தாழ்த்தினேன். சிவப்புத் துணியில் கட்டிய கோப்பு மூட்டைகள், காலொடிந்து செங்கல் முட்டுக்கொடுத்த பெஞ்சு, போன வருஷத்துக் காலண்டர், ஆள் இல்லாத நாற்காலியின் மேல் ஓடுகிற மின்விசிறி. ஜன்னல் ஓரத்தில் வெற்றிலை எச்சில்கூட இருந்தது, பெயின்ட்டில் அடித்தது. என்னோடு வந்த பெரியவர் ஒருவர் பியூன் வேஷம் போட்டவனிடம் போய், "சாதிச் சான்று எந்த டேபிள் தம்பி?" என்று கேட்டுவிட்டார். போலீஸ் தொப்பியில் மட்டும்தான் கோட்டை விட்டிருந்தார்கள். எல்லாருக்கும் காக்கித் தொப்பி. பாண்டிச்சேரி கான்ஸ்டபிளுக்குச் சிவப்புத் தொப்பி என்பதுகூடத் தெரியாமல் படம் எடுக்க வந்துவிட்டீர்களா என்று கத்தி, மாற்ற வைத்தேன்.

ஆனால் என்னுடைய கோட்டையை நான் முந்தின நாளே விட்டிருந்தேன். பிள்ளைச்சாவடியில் எனக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவள் சின்னப்பாப்பா. அவளுக்குப் போன் போட்டு இப்படித்தான் சொன்னேன்.

"நூத்திப் பன்னண்டு பேரு வேணும். பளபளா பொடவையெல்லாம் கட்டிக்கினு வராதீங்க. ஆபீசுக்கு எப்பிடிப் போவீங்களோ அப்பிடியே வாங்க. ஆளுக்கு ஒரு மனு கையில இருக்கணும்."

"மனுவா?"

"ஆமா, மனுதான். எல்லாருக்கும் சொல்லிடு."

வெள்ளைத்தாளை இங்கே நாங்கள் தருவோம் என்று சொல்லத் தோன்றவில்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் நான்தான் காரணம். வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

காலையில் வேனிலிருந்து இறங்கினார்கள். எல்லார் கையிலும் தாள். சிலரிடம் மஞ்சள் பை, சிலரிடம் பிளாஸ்டிக் உறை. உதவி இயக்குநர்கள் பார்த்துவிட்டு, "சூப்பர் அண்ணே, அப்படியே நிஜம் மாதிரி இருக்கு" என்றார்கள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

காட்சி இதுதான். நூற்றுப் பன்னிரண்டு பேரும் வரிசையில் வந்து அதிகாரியிடம் மனு கொடுப்பார்கள். அதிகாரி சிரித்த முகத்தோடு வாங்குவார், ஒவ்வொருவருக்கும் தலையாட்டுவார். கூட்டம் கலைந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, மனுக்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துக் கொளுத்துவார். அதிகாரியாக நடித்தவர் அருள்முருகன். நாற்பது வருஷமாக வில்லன். நேரில் எறும்பை மிதிக்காதவர், எங்கள் பெண்களைக்கூட 'வாங்கம்மா' என்றுதான் கூப்பிடுவார். கேமரா ஓட ஆரம்பித்தால் அந்த மனுஷன் எங்கே போவாரோ தெரியாது.

வரிசை ஒரே டேக்கில் ஓகே ஆனது. இந்த ஜனத்துக்கு வரிசையில் நிற்கக் கற்றுத்தரவா வேண்டும்? கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, நெருப்புக் காட்சியை எடுத்தார்கள். நான் கேமராவுக்குப் பின்னால் நின்றேன். அருள்முருகன் மேலே இருந்த ஒரு மனுவை எடுத்து, மேசைமேல் வைத்து, உள்ளங்கையால் நீவிச் சுருக்கம் எடுத்தார். குண்டூசியைக் கழற்றினார். இணைத்திருந்த தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். சின்னதாக ஒரு சிரிப்பு. பிறகு லைட்டரை அதன் மூலையில் வைத்தார். இப்படி நான்கு பேரின் மனுக்களை எரித்து இரும்புத் தட்டில் போட்டார். இயக்குநர் எழிலரசன் "கட்" சொன்னதும் செட்டே கைதட்டியது.

சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி வந்து என் முன்னால் நின்றாள். நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். பெயர் அன்னக்கிளி, பிள்ளைச்சாவடிக்காரி. என் கூட்டத்தில் இரண்டு மூன்று முறை வந்திருக்கிறாள். பேசவே மாட்டாள்.

"அண்ணே, ஷூட்டிங் முடிஞ்சிதில்ல. என் மனுவைக் குடுத்துடுங்க, நான் போறேன்."

"இன்னா மனு? வெத்துத்தாளுதான, போனாப் போவுது."

"வெத்துத்தாள் இல்லண்ணே. மனு எழுதறவருகிட்ட ஒக்காந்து எழுதினது. இணைப்பும் வச்சிருக்குது."

"இணைப்பா?" என் கையில் இருந்த சோற்றுப் பொட்டலத்தைக் கீழே வைத்தேன்.

"ஒரிஜினல்ணே."

ஓடினேன். மேசைமேல் கிடந்த கட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஐயா, வணக்கம். எங்கள் தெருக் குழாயில் நாலு மாதமாக. ஐயா, வணக்கம். என் மகன் பெயரில் ஒரு எழுத்து மாறி. ஐயா, வணக்கம். என் கணவருக்கு இரண்டு கண்ணும். எதுவும் நடிப்பு இல்லை. சொன்ன சொல்லைத் தட்டாமல் நூற்றுப் பன்னிரண்டு பேரும் தங்கள் வீட்டில் இருந்த நிஜ மனுவை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். இல்லாதவர்கள் ராத்திரியே உட்கார்ந்து எழுதியிருந்தார்கள். மனு கேட்டால் மனுதானே கொடுப்பார்கள்? அவர்கள் வீட்டில் மனு இல்லாத நாள் ஏது? இந்த ஜனத்தை இருபது வருஷமாகத் தலை எண்ணி வேனில் ஏற்றியிருக்கிறேன். ஒருத்தர் வீட்டுக் கதைகூட எனக்குத் தெரியாது.

"ஏம்மா, சினிமாவுக்குப் போயி யாராவது ஒரிஜினலைக் கொண்டாருவாங்களா?" என்று பின்னால் வந்து நின்ற அன்னக்கிளியிடம் எரிந்து விழுந்தேன். பயத்தில் எனக்கு வருவது கோபம்தான்.

"எந்த ஆபீசுக்குப் போனாலும் ஜெராக்ஸ் வேணாம், ஒரிஜினல் எங்கன்னுதான கேக்குறாங்க. இங்கயும் ஒரு அதிகாரி ஒக்காந்திருந்தாரு. கேட்டா இன்னா பண்றதுன்னு வச்சேன். சினிமாக்காரங்க கையில போனா பெரிய எடத்துக்குப் போவும்னு சின்னப்பாப்பாவும் சொல்லிச்சி."

இயக்குநரிடம் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது அவருக்கு. அடுத்த ஷாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, "எல்லாத்தையும் திருப்பிக் குடுங்கண்ணே, இப்பவே" என்றார். நான் அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்று பெயர் பெயராக வாசித்தேன். கூப்பிடக் கூப்பிட வந்து வாங்கிக்கொண்டார்கள். சிலர் வாங்கிய தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். லைட் பிடிப்பவர்கள், சமையல்காரர்கள், துப்பாக்கி மாட்டிய கமாண்டோ வேஷக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நூற்றெட்டாவது பெயரோடு கட்டு தீர்ந்துவிட்டது.

பாக்கி நான்கு பேர். மூன்று பேருடையது இணைப்பு எதுவும் இல்லாத வெறும் கைமனு. "மறுபடி எழுதிக்கிறோம் வுடுங்க" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். நான்காவது அன்னக்கிளி.

"அதுல இன்னாம்மா இருந்துச்சி?" என்று கேட்டேன். கேட்கவே பயமாக இருந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் வடிவேல் விடியற்காலையில் தனியாகக் கடலுக்குப் போனான். திரும்பவில்லை. படகும் இல்லை, உடம்பும் இல்லை. உடம்பு இல்லாமல் செத்ததாக எழுத மாட்டார்கள். ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் முதல் கேள்வி, காணாமல் போனபோது ஸ்டேஷனில் கொடுத்த புகாருக்கு ரசீது எங்கே? அந்த ரசீதுதான் அவள் குண்டூசி குத்திக் கொண்டுவந்தது. வீட்டுப் பட்டாவுக்கும், மகள் படிப்புக்கும், எதற்கும் அவன் கையெழுத்தைக் கேட்கிறார்கள். ஸ்டேஷனில் போய்க் கேட்டால் பழைய பதிவேடு வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது, நம்பர் இருந்தால்தான் தேட முடியும் என்கிறார்கள். நம்பர் அந்த ரசீதில் இருந்தது. ஜெராக்ஸ் எடுத்ததையெல்லாம் ஒவ்வொரு ஆபீசாகக் கொடுத்துத் தீர்த்துவிட்டாள். போன வாரம்தான் ஏழு வருஷம் முடிந்தது.

படத்துக் கதையில் ஆள் இருக்கிறான், காகிதத்தில் இல்லை. இவள் வீட்டில் காகிதத்தில் இருக்கிறான், ஆள் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு அந்த எண்ணம்தான் ஓடியது, வேறு எதுவும் ஓடவில்லை.

அன்னக்கிளி அழவில்லை. இரும்புத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அருள்முருகன் அதிகாரி உடுப்போடு தரையில் மண்டி போட்டு, தட்டில் இருந்த கரியை விரலால் கிளறினார். தொட்டதெல்லாம் தூளானது.

"சீல் இருந்துச்சும்மா, பார்த்தேன்," என்றார். "நம்ம செட் பசங்க எவ்வளவு அச்சு அசலா சீல் அடிச்சிருக்காங்கன்னு மனசுக்குள்ள மெச்சிக்கிட்டேன். படிக்கல. படிக்கிற மாதிரி நடிச்சேன்."

அப்போதுதான் ஹரிகிருஷ்ணன் வாயைத் திறந்தான். கேமராவில் பதிவானதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாதுகாக்கிற பையன். கறுப்புத் துணி கட்டிய கூடாரத்தைவிட்டு வெளியே வரமாட்டான், யாரிடமும் பேசமாட்டான்.

"சார், அதுக்கு குளோசப் இருக்கு."

எழிலரசன் அவனைப் பார்த்தார்.

"ரெண்டாவது கேமரா பேப்பர் மேலதான் ஃபோகஸ். ஸ்லோ மோஷனுக்காக நிறைய ஃபிரேம் எடுத்தோம். ஐயா லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சார்ல, முழுப் பேப்பரும் உள்ளே இருக்கும்." பிறகு தயங்கினான். "ஆனா வெளியாள் யாருக்கும் ஃபுட்டேஜ் காட்டக்கூடாதுன்னு கம்பெனியில எழுதி வாங்கியிருக்காங்க."

அந்தக் கம்பெனி அப்படிப்பட்டதுதான். காலையில் வேனிலிருந்து இறங்கியதும் எங்கள் எல்லார் போனிலும் கேமராவை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஒரு படம் வெளியே கசிந்தால் இயக்குநரின் தலை உருளும்.

"யாரு வெளியாள்?" என்றார் எழிலரசன். "அவங்க பேப்பரை நாம எரிச்சிருக்கோம். போடு."

கூடாரம் சின்னது. அன்னக்கிளியை நாற்காலியில் உட்கார வைத்தோம். நாங்கள் பின்னால் நெருக்கியடித்து நின்றோம். துணியை விலக்கிக்கொண்டு சின்னப்பாப்பாவும் பத்துப் பதினைந்து பெண்களும் தலையை நீட்டினார்கள், யாரும் அவர்களைத் துரத்தவில்லை. திரையில் அருள்முருகனின் விரல்கள் வந்தன, அவற்றுக்கிடையே அந்தத் தாள். மூலையில் நெருப்பு பிடித்தது. நிஜத்தில் நான்கு விநாடி எரிந்த தாள் திரையில் மெல்ல, மெல்ல எரிந்தது. ஒரு வரி கறுத்தது, சுருண்டது, அடுத்த வரி கறுத்தது. அன்னக்கிளி புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். தன் சொத்து எரிவதை இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு பெரிதாக அவளுக்கு நாங்களே காட்டிக்கொண்டிருந்தோம். நிறுத்துடா என்று கத்த வாயெடுத்தேன்.

அதற்குள் ஹரிகிருஷ்ணன் ஒரு பட்டனைத் தட்டினான்.

திரையில், தட்டில் கிடந்த கரி அசைந்தது. தூள் தூளாக இருந்தது கூடி மேலே எழுந்தது. புகை கீழே இறங்கித் தாளுக்குள் போனது. நெருப்பு பின்வாங்கியது. அது விட்டுப்போன இடமெல்லாம் கறுப்பு நீங்கி வெள்ளையானது. வெள்ளையில் எழுத்து வந்தது. முதலில் கடைசி வரி, பிறகு அதற்கு மேல் வரி, பிறகு ஊதா நிறத்தில் வட்டமாக முத்திரை. நெருப்பு சுருங்கிச் சுருங்கி மூலையில் ஒரு பொட்டாக நின்று, லைட்டருக்குள் போய்விட்டது. தாள் முழுசாக இருந்தது. மடிப்புத் தடமும் குண்டூசி ஓட்டையும்கூட இருந்தன.

சின்னப்பாப்பா இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டாள். பின்னால் நின்ற கான்ஸ்டபிள் வேஷக்காரன் சிவப்புத் தொப்பியைக் கழற்றிவிட்டான். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நான் வாய் பிளந்துதான் நின்றேன். காட்சியைப் பின்னோக்கி ஓட்டுவது பொத்தானைத் தட்டினால் நடக்கிற சாதாரண வேலை என்று தெரியும். ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். எரிந்தது யாருடைய தாள் என்று தெரிந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

ஹரிகிருஷ்ணன் பெரிதாக்கினான். ஸ்டேஷன் எழுத்தரின் கோணல் கையெழுத்து. தேதி. நம்பர். அதன் கீழே, 'காணாமல் போனவர் பெயர்: வடிவேல், வயது 38.' அருள்முருகன் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். இந்தத் தடவை நிஜமாகவே வாசித்தார். நம்பரை நான் என் கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன்.

"தம்பி," என்றாள் அன்னக்கிளி. "அந்த நெருப்பு திரும்பிப் போவுதே, அதை இன்னொரு தபா போடறியா?"

போட்டான். முன்னால் நகர்ந்து, திரைக்கு அருகில் முகத்தை வைத்துப் பார்த்தாள். மூன்றாவது முறையும் கேட்டாள். மூன்றாவது முறையும் போட்டான். அடுத்த ஷாட்டுக்கு நேரமாகிறது என்று யாரும் வந்து சொல்லவில்லை.

புரொடக்‌ஷன் மேனேஜரின் பிரிண்டரில் அந்த ஒரு ஃபிரேமை எடுத்தார்கள். கம்பெனியிலிருந்து கேட்டால் தன் பெயரைச் சொல்லும்படி எழிலரசன் சொன்னார். சொல்லிவிட்டு, தாளை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். தேதியும் நம்பரும் முத்திரையும் பளிச்சென்று இருந்தன. தாளின் இரண்டு ஓரத்திலும் அருள்முருகனின் விரல்கள் இருந்தன, அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரிஜினல் ஆகாது, தெரியும். ஆனால் நம்பர் இருக்கிறது. நம்பரை வைத்துப் பதிவேட்டைத் தேடலாம், சான்றிட்ட நகல் வாங்கலாம், வக்கீலைப் பார்க்கலாம்.

மணி நாலுகூட ஆகவில்லை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. என்னால் வந்த வினையை என் கையாலேயே முடித்துவிட வேண்டும் என்று ஒரு துடிப்பு. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். ஷெட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் அந்தத் தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கெளம்பும்மா. ஸ்டேஷனுக்கு நானே கூட்டிக்கினு போறேன். அங்க எழுத்தரு எனக்குத் தெரிஞ்சவருதான். நம்பரைக் குடுத்தா நாளைக்கே தேட ஆரம்பிச்சிடுவாங்க. அலைஞ்சது போதும், ஒரு மாசத்துல எல்லாம் முடிஞ்சிடும்."

அவள் எழுந்திருக்கவில்லை.

"இன்னைக்கி வேணாம்ண்ணே."

"ஏம்மா? இதுக்குத்தான ஏழு வருஷம் காத்துக்கினு கெடந்த?"

"ஆமாண்ணே." தாளை மடித்தாள். பழைய ரசீது எந்த மடிப்பில் மடித்திருந்ததோ அதே மடிப்பில் மடித்தாள். "இதைக் கொண்டுபோயிக் குடுத்துட்டா அவரு செத்துட்டாருன்னு எழுதிடுவாங்க. எழுதட்டும், எழுதித்தான ஆவணும். என் பொண்ணு படிக்கணும். ஆனா இப்பத்தான் எரிஞ்சது திரும்பி வந்ததை என் கண்ணால பாத்துட்டு வந்து ஒக்காந்திருக்கிறேன். உடனே எப்பிடிண்ணே போயி அதை எழுதச் சொல்றது?"

சாவியைச் சட்டைப்பையில் போட்டேன்.

"நாளைக்கிக் காலையில வர்றேன், கூட்டிக்கினு போங்க. இன்னைக்கி ஒரு நாளு அவரு இருந்துட்டுப் போவட்டும்."